வில்டன்ஸ் மியூசிக் ஹால்: மதுக்கடை, ஜெபக்கூடம், கந்தல் கிடங்கு, மறுபடி மேடை. இடியாமல் தப்பியது எப்படி?

தூண்வரிசை (கேள்வி)

பழைய அரங்கக் கட்டடங்களை மறுபடி பயன்படுத்துவது பற்றி ஒரு கட்டுரைத் தொடருக்குத் தகவல் சேர்க்கிறேன். அதில் லண்டனின் கிழக்குப் பகுதியில், கிரேசஸ் ஆலி என்ற சந்துக்குள் இருக்கும் வில்டன்ஸ் மியூசிக் ஹாலும் வருகிறது. வலையில் தேடினால் "காலத்தை வென்ற அரங்கம்" என்று ஆரம்பித்து கல்யாண போட்டோவில் போய் முடிகிறது. எனக்கு வேண்டியது வேறு:

1. இவ்வளவு பெரிய கூடத்தை ஏன் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் ஒளித்துக் கட்டினார்கள்? தெருவிலிருந்து பார்த்தால் நாலைந்து பழைய வீடுகள்தான் தெரிகின்றன.
2. 1859-ல் திறந்தது, இருபது சொச்சம் வருஷத்தில் மூடிவிட்டது. கூட்டம் வரவில்லையா?
3. அப்புறம் பல பத்தாண்டுகள் மேடையாகவே இல்லை. அந்தக் காலத்தில் உள்ளே இருந்த முறுக்குத் தூண்களையும் மாடத்து (பால்கனி) அலங்காரத்தையும் ஏன் யாரும் பிடுங்கிப் போடவில்லை?
4. பழுதுபார்த்த பிறகும் சுவர்கள் உரிந்த மாதிரியேதான் இருக்கின்றன. காசு போதவில்லையா, இல்லை வேண்டுமென்றே விட்டதா?

விவரம் தெரிந்தவர்கள் ஆண்டு, அளவோடு சொன்னால் நல்லது.

---

கொட்டகை1891

முதல் இரண்டு கேள்விக்கும் விடை சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும்.

1843-ல் இங்கிலாந்தில் நாடக அரங்குகளுக்கான புதுச் சட்டம் வந்தது. அதன்படி முழு நாடகம் போட லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். வாங்கினால் பார்வையாளர் கூடத்துக்குள் குடியும் புகையும் கூடாது. அந்த உரிமம் வேண்டாம், மாஜிஸ்திரேட்டிடம் பாட்டு, ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொள்கிறேன் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே குடிக்கலாம், ஆனால் நாடகம் போட முடியாது. மதுக்கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பாட்டைத்தான். மியூசிக் ஹால் என்ற வகையே அந்தக் கணக்கில் வளர்ந்ததுதான். டிக்கெட்டில் வரும் காசைவிட கிளாஸில் வரும் காசு பெரிது.

இந்த ஒரு கட்டடத்திலேயே அந்தக் கதை முழுதும் இருக்கிறது. கிரேசஸ் ஆலியில் இருந்த கடையின் பெயர் "பிரின்ஸ் ஆஃப் டென்மார்க்". பக்கத்து வெல்க்ளோஸ் சதுக்கத்தில் டேனிஷ் மாலுமிகளுக்கான தேவாலயம் இருந்தது, அதனால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். 1820களில் கடைக்குள் கவுன்ட்டர், அலமாரி எல்லாம் மஹோகனி மரத்தில் போட்டார்கள். அப்போது அது பெரிய ஆடம்பரம், ஜனங்கள் கடையையே "மஹோகனி பார்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். 1839-ல் பின்பக்கம் ஒரு பாட்டுக் கூடம் எடுத்தார்கள். 1843-க்குப் பிறகு கொஞ்ச காலம் "ஆல்பியன் சலூன்" என்ற பெயரில் நாடக உரிமத்தோடும் நடத்திப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1850 வாக்கில் ஜான் வில்டன் கைக்கு வந்தது. அவர் 1853-ல் கூடத்தைப் பெரிதாக்கினார். அதுவும் பற்றாமல் 1858 டிசம்பரில் புதுக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டி (நாட்டியவர் அவர் மனைவி எல்லன்) 1859 மார்ச்சில் திறந்தார். வடிவமைத்தவர் ஜேக்கப் மேக்ஸ்.

ஏன் பின்னால் என்றால், தெருமுகப்பு நிலம் விலை அதிகம், கொல்லைப்புறம் மலிவு. வீடுகளின் கொல்லைகளைச் சேர்த்து கூடத்தை நிறுத்திவிட்டு முன்வீடுகளை அப்படியே வாசலாக்கிக்கொண்டார். முகப்புக்குச் செலவு இல்லை. இன்னொரு லாபம்: உள்ளே வருகிறவன் எவனும் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"கூட்டம் வரவில்லையா" என்று கேட்டால், ஆரம்பத்தில் வந்தது. செயின்ட் கேதரின் துறை, லண்டன் துறை இரண்டும் நடக்கிற தூரம். பக்கத்து வெல் தெருவில் (இன்று என்சைன் தெரு) 1835-லேயே மாலுமிகள் விடுதி திறந்திருந்தது. கையில் மொத்தச் சம்பளத்தோடு இறங்குகிறவர்கள். அந்த விடுதி நின்ற இடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அங்கே 1828 பிப்ரவரியில் ராயல் பிரன்ஸ்விக் தியேட்டர் திறந்து சில நாளிலேயே ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது இடிந்து விழுந்தது, பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். கனமான இரும்புக் கூரை, போதாக்குறைக்கு மேடைச் சாமான்களின் பாரத்தையும் அதிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வட்டாரத்தில் அரங்கம் கட்டுகிறவன் கூரையை இரண்டு தடவை பார்த்திருப்பான்.

மூடியதற்குக் காரணம் தீ, அதைத் தொடர்ந்து வந்த விதி. 1877-ல் உள்ளே தீப்பிடித்தது. 1878-ல் அதே சுவர்களுக்குள் திரும்பக் கட்டினார்கள், ஜே. பக்லி வில்சன் என்பவர் வடிவமைப்பில். அதே 1878-ல் இன்னொரு சட்டம் வந்து, பழைய கூடங்களிலும் தீப்பாதுகாப்புக்காகக் கட்டுமான மாற்றங்களைச் செய்யச் சொல்லும் அதிகாரத்தை, அப்போது லண்டனின் பொதுப்பணிகளைப் பார்த்துவந்த மாநகரப் பணி வாரியத்துக்குக் கொடுத்தது. லண்டனில் பல சின்ன ஹால்கள் அந்த நெருக்கடியில்தான் கடையைக் கட்டின. வில்டன்ஸுக்கு அதன் இடமே எதிரி: நாலு பக்கமும் வீடு, வெளியேற வீடுகளுக்குள் புகுந்துதான் போக வேண்டும். 1880களின் தொடக்கத்திலேயே கதவு மூடிவிட்டது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1859-ல் தரை சமதளம், சாப்பாட்டு மேசைகள். 1878-ல் சாய்தரையும் மேடை முகவளைவும் (மேடையின் முன்பக்கத்தைச் சட்டம் மாதிரி சுற்றும் வளைவு) வந்துவிட்டன. சாய்தரையில் மேசை போட முடியாது. ஆக, மூடும் முன்பே அது "குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கும் இடம்" என்பதிலிருந்து "வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கும் இடம்" ஆக மாறிவிட்டது. அப்போது லண்டன் முழுக்கப் போக்கு அதுதான்.

---

நீலச்சுடர்

மேலே சொன்னதில் தீ பற்றி ஒரு வரியில் போய்விட்டார். அதில்தான் சமாச்சாரமே இருக்கு, கொஞ்சம் விரிவாகச் சொல்றேன்.

வில்டன்ஸ் கூடத்தின் நடுவில் தொங்கியது "சன்பர்னர்" வகை கேஸ் விளக்கு. 300 கேஸ் சுடர், 27,000 கண்ணாடித் துண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதை வெறும் சரவிளக்கு என்று நினைக்காதீங்க, காற்றோட்ட இயந்திரமும் அதுதான். சுடர்கள் வட்டமாக அடுக்கியிருக்கும், மேலே கவிழ்த்த புனல் மாதிரி ஒரு பிரதிபலிப்பான், அதிலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு புகைக்குழாய். சுடர் எரியும்போது சூட்டுக்காற்று குழாய் வழியாக மேலே பாயும், அந்த இழுப்பில் கூடத்துப் புகை, வியர்வை நாற்றம், சுருட்டுப் புகை எல்லாம் சேர்ந்து போகும், கீழே கதவிடுக்கு வழியாகப் புதுக்காற்று வரும். விளக்கை அணைத்தால் காற்றோட்டமும் நின்றுவிடும்.

எவ்வளவு சூடு என்று ஒரு தோராயக் கணக்கு. அந்தக் காலத்து லண்டனில் ஒரு பர்னருக்கு மணிக்கு 5 கன அடி கேஸ் என்பது அளவுகோல். 300 சுடருக்கு 1,500 கன அடி, அதாவது 42 கன மீட்டர். நிலக்கரி கேஸின் வெப்பமதிப்பை வைத்துப் பார்த்தால் 200 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். சுடர்கள் சின்னவை, பாதிதான் எரிந்தது என்று வைத்தாலும் 100 கிலோவாட். கூடம் நிறைந்தால் 1,500 பேர் என்பார்கள், ஆளுக்கு 100 வாட் வீதம் உடம்புச் சூடு இன்னொரு 150 கிலோவாட். முழு அளவில் எரிந்தால் ஒரு மணி நேரத்தில் 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியாகும். அது புகைக்குழாய் வழியாகப் போகாவிட்டால் ஜனங்கள் தலையிலும் பூச்சிலும்தான் இறங்கணும். கேஸில் கந்தகம் வேறு, ஆக வெறும் தண்ணீர்கூட இல்லை, லேசான அமிலம். கில்ட் பூச்சு கறுக்கும், துணித்திரை இற்றுப்போகும்.

தப்பு நடக்கிற இடம் குழாய் கூரையைத் துளைக்கிற இடம். உள்குழாய் பழுக்கக் காயும். அதைச் சுற்றி ஒரு வெளிக்குழாய், நடுவில் காற்று இடைவெளி, அப்புறம்தான் மரச்சட்டம், இதுதான் சரியான முறை. வெளிக்குழாய் நெளிந்து மரத்தில் சாய்ந்தாலோ, இடைவெளியில் ஒட்டடையும் தூசியும் அடைத்தாலோ, அந்த மரம் மாசக்கணக்கில் வறுபட்டுக் கரியாகிக்கொண்டே வரும். வறுபட்ட மரம் பச்சை மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஒரு நாள் ராத்திரி கூட்டம் கலைந்த பிறகு புகையும். வில்டன்ஸ் தீ இதனால்தான் என்று சொல்ல வரவில்லை. கேஸ் விளக்கு அரங்கு எரிந்தால் எங்கே முதலில் பார்ப்பார்கள் என்று சொல்றேன்.

பழுதுபார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு பிரயோஜனமும் உண்டு. கூரை நடுவில் வட்டமாக ஒட்டுப்போட்ட தடம் இருந்தால் சன்பர்னர் எங்கே தொங்கியது என்று தெரிந்துவிடும். அந்தப் பழைய துளை புதுக் காற்றோட்டக் குழாய்க்கு ரெடிமேட் பாதை.

---

தூண்வரிசை

நன்றி. கேஸ் கணக்கு நான் எதிர்பார்க்காதது. மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மது விற்ற இடத்தை மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாங்கினார்கள் என்பது தெரியும். மதுவை ஒழிக்க வந்தவர்கள் மதுக்கூட அலங்காரத்தை ஏன் விட்டுவைத்தார்கள்?

---

வாப்பிங்_படித்துறை

அவர்களுக்கு அது தோதாக இருந்தது, அவ்வளவுதான். மெதடிஸ்ட் ஜெபக்கூடத்துக்கு என்ன வேண்டும்? ஒரு பக்கம் உயர்ந்த மேடை, பிரசங்கியாரின் முகம் எல்லோருக்கும் தெரியணும், குரல் கேட்கணும், மூன்று பக்கமும் மாடம். வில்டன்ஸில் அது அப்படியே தயாராக இருந்தது. நாற்காலி போட்டு ஆர்மோனியத்தை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கலாம்.

1888-ல் கிழக்கு லண்டன் மெதடிஸ்ட் மிஷன் எடுத்துக்கொண்டது. பெயரைக்கூட மாற்றவில்லை, "பழைய மஹோகனி பார்" என்றே வைத்துக்கொண்டார்கள். துறைமுகத்து ஆளுக்கு வழி சொல்ல அதைவிட நல்ல விலாசம் கிடையாது என்பது ஒன்று. பிசாசின் கோட்டையைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமையும் இருந்திருக்கும்.

அடுத்த வருஷமே கூடத்துக்கு வேலை வந்தது. 1889 ஆகஸ்ட், செப்டம்பரில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், ஒரு மாதத்துக்கு மேல். அப்போது இங்கேதான் கஞ்சித்தொட்டி. வெளியேற்றம் சரியில்லை என்று மூடிய இடமாச்சே, இது மட்டும் எப்படி என்று கேட்கலாம். அனுமதி என்பது அறைக்கு மட்டும் இல்லை, உபயோகத்துக்கும் சேர்த்துத்தான். கேஸ் மேடைவிளக்கு, வர்ணத் திரை, குடித்த கூட்டம் மூன்றும் இல்லாமல் வரிசையில் வந்து சாப்பிட்டுப் போகிற கூட்டம் வேறு ரகம்.

1936 அக்டோபர் 4-ல் மோஸ்லியின் பாசிச ஊர்வலத்தை வட்டாரத்து ஜனங்கள் கேபிள் தெருவில் தடுத்தார்களே, அந்தத் தெரு இந்தச் சந்துக்குக் கூப்பிடு தூரம். அன்றைக்கு மிஷன் ஒரு புகலிடமாக இருந்தது என்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் சுற்றுவட்டாரம் சிதைந்தது, இது நின்றது. 1956-ல் மெதடிஸ்டுகள் காலி செய்தார்கள்.

அதற்கப்புறம்தான் கந்தல் துணி பிரிக்கும் கிடங்கு. கந்தல்காரன் வந்தது கட்டடத்துக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் கருத்து. கந்தல் மூட்டைக்குத் தேவை மேலே கூரை, கீழே தரை, ஒரு பூட்டு. அவன் மாடத்தை இடிக்க மாட்டான், பொய்க்கூரை போட மாட்டான், தூணை அறுக்க மாட்டான், ஏனென்றால் அதற்கெல்லாம் காசு செலவாகும். அதே கூடம் 1910 வாக்கில் சினிமாக்காரன் கையில் போயிருந்தால் புரொஜெக்டர் அறைக்காக மாடத்தின் பின்பக்கம் போயிருக்கும். 1920களில் நடனக்கூடம் ஆகியிருந்தால் தூண்கள் இடைஞ்சல் என்று போயிருக்கும். பணம் புழங்குகிற உபயோகம்தான் பழைய உள்கட்டைத் தின்னும்.

1964-ல் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் சேரி ஒழிப்பு என்று வட்டாரத்தையே இடிக்கக் குறித்தது. வரலாற்றாளர் ஜான் ஏர்ல், கவிஞர் ஜான் பெட்ஜமன், பிரிட்டிஷ் மியூசிக் ஹால் சொசைட்டி எல்லாம் குரல் கொடுத்தார்கள். 1966-ல் கிரேட்டர் லண்டன் கவுன்சில் வாங்கியது. 1971-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் கிரேடு 2 ஸ்டார் பட்டியலில் சேர்த்தார்கள். சுற்றியிருந்த வீடுகள் ஏராளமாகப் போய்விட்டன. இதன் முன்வீடுகள் மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் அவைதான் ஹாலின் வாசல் என்பது.

பிறகு முப்பது வருஷம் அரைகுறை: பூட்டிக் கிடக்கும், எப்போதாவது சினிமாப் படப்பிடிப்பு. 1997-ல் நடிகை ஃபியோனா ஷா, டெபோரா வார்னர் இயக்கத்தில் தனியாளாக ஒரு கவிதை நிகழ்வு நடத்தினார், பொதுஜனம் திரும்ப உள்ளே வந்தது அப்போதுதான். 1999-லிருந்து புரூம்ஹில் ஆபரா குழு, 2004-லிருந்து தனி டிரஸ்ட்.

---

காரைக்கொத்து

நாலாவது கேள்வி என் பக்கம். சுவரை உரிந்த மாதிரி விட்டது வேண்டுமென்றுதான். மலிவு என்று நினைத்தால் தப்பு, புதுப்பூச்சு பூசி பெயின்ட் அடிப்பதைவிட இது அதிக ஆள்வேலை.

கட்டடக்கலை நிறுவனம் டிம் ரொனால்ட்ஸ். கூடத்தை 2013-க்குள் முடித்து, முன்வீடுகளை 2015-ல் முடித்தார்கள். 2016-ல் பிரிட்டனின் ராயல் கட்டடக்கலை நிறுவனத்தின் தேசிய விருது. கொள்கை சுலபமாகச் சொல்லலாம்: விழப்போவதை நிறுத்து, ஒழுகுவதை அடை, பாரம் தாங்காததைத் தாங்க வை, மற்றதைத் தொடாதே. புதிதாகச் சேர்த்தது புதிது என்று தெரியட்டும். ஏன் என்றால், எந்த ஆண்டுக்குத் திருப்புவது? 1859 என்றால் 1878-ல் சேர்த்ததைப் பிடுங்க வேண்டும். 1878 என்றால் மிஷனின் எழுபது வருஷத்தை அழிக்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது குப்பைத்தொட்டிக்கு.

கட்டுரைக்கு உபயோகமாக இருக்கும் என்பதால், இந்த வகை வேலை பொதுவாக எப்படி நடக்கும் என்று எழுதுகிறேன்.

முதலில் தட்டிப் பார்ப்பது. விரல் கணுவால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டணும். கணீர் என்றால் பிடிப்பு இருக்கிறது, பொக்கையாகக் கேட்டால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு, வரைபடத்தில் ஏற்றணும். பொக்கையான எல்லாவற்றையும் உதிர்க்கக் கூடாது. 3, 4 மி.மீ. துளை போட்டு, உள்ளே தூசியை உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்து, சல்லடையில் சலித்த சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் ஏற்றணும். மெத்தை வைத்த பலகையால் முட்டுக்கொடுத்து மறுநாள் வரை விடணும். ஒரே மூச்சில் நிறைய ஏற்றினால் ஈரத்தின் கனத்திலேயே பூச்சு பெயர்ந்து வந்துவிடும், கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

உடைந்த விளிம்பை அப்படியே விட்டால் தினமும் உதிரும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து விளிம்போரம் மெல்லிய சரிவாக அணைத்துவிடுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் தெரியாது, உதிர்வது நிற்கும். ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டக் கூடாது. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் இறுகும், மாதத்துக்கு ஒரு மி.மீ. என்பது கொத்தனார் கணக்கு. லண்டனில் 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்தணும், உறைந்தால் பொடிப்பொடியாகப் போகும். நம் ஊரில் சிக்கல் தலைகீழ், வெயிலில் இறுகும் முன்பே காய்ந்து வெடித்துவிடும், நனைத்த கோணி தொங்கவிட்டுக் காப்பாற்றணும்.

பழைய பெயின்ட் அடுக்கை மணல்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கும், தூசி மூச்சில் போகும். மெல்லிய தூரிகை, நல்ல வடிகட்டி வைத்த வேக்குவம், அவ்வளவுதான்.

சிமென்ட் ஒட்டுப்போட்டால் என்ன ஆகும்? பழைய செங்கல் சுவர் அடியிலிருந்து ஓதம் ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் ஒட்டுக்கு மேலே போய் அங்கே வெளியேறப் பார்க்கும், உப்பு பூக்கும், நல்ல பூச்சும் கொட்டும். ஒட்டுப்போட்ட இடம் கெட்டியாக இருக்கும், அதைச் சுற்றி எல்லாம் போகும். ஆறு மாதத்தில் ஒட்டு இரண்டு மடங்கு பெரிதாகும். நம் ஊர்ப் பழைய சத்திரம், பள்ளிக்கூடம் எதில் வேண்டுமானாலும் இதைப் பார்க்கலாம்.

மர விட்டங்களில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்த நுனி. நடுவில் விட்டம் கல்லாக இருக்கும், நுனி இற்றுப் பஞ்சாக இருக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் அழுகல் பூஞ்சை பிடிக்கும். இற்றதை வெட்டி, நல்ல மரம் வரை போய், புது மரத்தைப் பிணைத்துப் போல்ட் போடுவார்கள், அல்லது இரும்புத் தகடு நடுவில் சொருகுவார்கள். ஆனால் கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யாமல் விட்டத்தை மாற்றுவது வீண் செலவு.

மாடம் பற்றி. வில்டன்ஸ் மாடத்தைத் தாங்குவது முறுக்கிய வார்ப்பிரும்புத் தூண்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையையும் அடியையும் தாங்காது. பக்கவாட்டில் முட்டினால் வளையாது, வெடிக்கும். அதனால் தூணில் துளை போட்டுக் கம்பி மாட்டுவது, வெல்டிங் வைப்பது இரண்டும் வேண்டாம். மாடத்தின் முகப்பு அலங்காரம் கல்லோ மரமோ இல்லை, காகிதக்கூழ் அச்சு. எடை குறைவு, அதனால்தான் முன்தள்ளி வைக்க முடிந்தது. தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். சுத்தம் செய்கிறவர் ஈரத்துணியோடு போனால் வேலை முடிந்தது.

---

மாடப்படி

1,500 பேர் இருந்த கூடத்தில் இன்று சில நூறு பேர்தான் உட்காருகிறார்கள். இது ஏன் என்று யாரும் தொடவில்லை. கூடம் சுருங்கவில்லை, கணக்கு மாறியது.

இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டியில் வெளியேறும் கதவின் அகலத்துக்கு ஆள் கணக்கு உண்டு: 850 மி.மீ. என்றால் 110 பேர், 1,050 மி.மீ. என்றால் 220 பேர், அதற்கு மேல் என்றால் மொத்த ஆட்களுக்கும் ஆளுக்கு 5 மி.மீ. வீதம். இதில் பலர் மறப்பது, இருப்பதில் பெரிய கதவு தீயால் அடைபட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு மிச்சக் கதவுகளைத்தான் கூட்ட வேண்டும். பழைய வீடுகளின் நடைபாதை வழியே வெளியேறும் கட்டடத்தில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று போட்டுப் பாருங்கள். கூடத்தின் பரப்பைப் பார்த்து இருக்கை எண்ணிக்கை சொல்கிறவர்கள் இங்கேதான் அடிவாங்குவார்கள்.

மாடத்துக்குப் பாரம்: நிலையான இருக்கை என்றால் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன், ஆட்கள் நின்று குதிக்கலாம் என்றால் 5. இந்திய விதி ஐ.எஸ். 875-லும் இதே 4, 5 தான். பழைய மாடம் 4-க்குத் தேறி 5-க்குத் தேறாவிட்டால் நாற்காலியைத் தரையோடு பிணைத்துவிட்டு நாடகம் நடத்தலாம், நின்று பார்க்கிற பாட்டுக் கச்சேரி வைக்க முடியாது. கட்டடத்தின் உபயோகத்தைத் தீர்மானிப்பது பல நேரம் இந்த ஒரு எண்தான்.

வாப்பிங்_படித்துறை சொன்ன "ஏழை உபயோகம் காப்பாற்றும்" என்பதோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். கிளாஸ்கோ பிரிட்டானியா பனோப்டிகான் அதற்கு நல்ல சாட்சி. 1906-ல் சிரிப்பு நடிகர் ஸ்டான் லாரல் முதன்முதலில் மேடையேறிய ஹால் அது. 1938-ல் மூடியபின் துணிக்கடைக்காரர்கள் பொய்க்கூரை போட்டு மேல்பாதியை மறைத்துவிட்டார்கள், மறைத்ததே காப்பாற்றியது. லண்டன் ஹாக்ஸ்டன் ஹாலும் 1863-ல் மியூசிக் ஹாலாகக் கட்டி, 1879-ல் மதுவிலக்கு மிஷன், 1893-ல் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவினர் என்று கைமாறித் தப்பியது. ஆனால் அதே காலத்தில் கிடங்காகவும் ஜெபக்கூடமாகவும் மாறிய எத்தனையோ ஹால்கள் ஒழுகி விழுந்தன. மலிவான உபயோகம் உள்கட்டைக் காப்பாற்றும், கூரையைக் காப்பாற்றாது. கூரையைக் காப்பாற்ற 1966 மாதிரி பொதுப்பணம் சரியான நேரத்தில் வர வேண்டும்.

சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலோடு ஒப்பிட நினைத்தால் கவனமாகச் செய்யுங்கள். அதுவும் மேடைதான், பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபா அங்கே நாடகம் போட்டது. ஆனால் அது ராபர்ட் சிஷோல்ம் வடிவமைத்த, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் நகரக் கட்டடம். நாலு பக்கமும் திறந்த இடம், ஆகவே வெளியேற்றம் அங்கே பெரிய சிக்கல் இல்லை. வில்டன்ஸுக்கு நெருக்கமான ஜோடி வேண்டுமென்றால் ஜார்ஜ் டவுன் சந்துகளில், கடை வரிசைக்குப் பின்னால் கொல்லையில் எடுத்த பழைய கூடங்களைத் தேடுங்கள். பார்க்கும்போது முதலில் அளக்க வேண்டியது மேடையை இல்லை, தெருவுக்கு வரும் நடையின் மிகக் குறுகிய இடத்தை. டேப்பை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள், ஷட்டர் பெட்டி, மீட்டர் பலகை, சைக்கிள் எல்லாம் கழித்துவிட்டு.